மைக்கு ஒங்க கையில இருக்கே!

“கேக்குதுங்களா? சொர்ணம் பேசுறேன். ஒன்னு, ரெண்டு, மூணு…”

புதுக்கோட்டை ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்று சொர்ணவல்லி சொன்னது, கறம்பக்குடி வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவன் வசந்தகுமாரின் காதில் தெளிவாக விழுந்தது. பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. ஆனாலும் அந்த ஸ்டூடியோவில் அவன் பார்க்கும் ஒலிப்பதிவு வேலை நிற்கவில்லை. ஸ்டூடியோ மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியை, மடியில் இருக்கும் லேப்டாப்பிலிருந்தே இன்டர்நெட் வழியாக இயக்கிவிடுவான்.

“நல்லாக் கேக்குது” என்றான்.

“எனக்குப் பயமே இல்லைங்க. மைக்கு ஒங்க கையில இருக்கே! இருங்க, தண்ணி குடிச்சிட்டு ஆரம்பிச்சிருவோம்.”

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு திருவிழாவில் அவள் கும்மி பாடிய வீடியோவைப் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து இசையமைப்பாளர் ஜஸ்டின் கூப்பிட்டிருந்தார். சினிமாப் பாட்டு. இன்றைக்குத் தேறிவிட்டால் போஸ்டரில் பெயர் வரும்.

வசந்தகுமாருக்கு வயிறு எரிந்தது. ஊர் ஊராகக் கச்சேரி மேடைகளில் தொண்டை கிழியப் பாடியவன் அவன். அவனை எந்த ஜஸ்டினும் கூப்பிடவில்லை. இனிமேல் கடைத்தெருவில் ‘பாடகி புருஷன் வர்றான்’ என்பார்கள். உயிருக்கு உயிரான மகள் கார்த்திகா, “நானும் அம்மாகூடப் போறேன்ப்பா” என்று கெஞ்சியதால்தான் இந்தப் பயணத்துக்கே தலையாட்டினான்.

சென்னையிலிருந்து ஜஸ்டினும் இணைப்பில் வந்தார். படமும் சேர்ந்து ஓடினால் சத்தம் திக்கும் என்று, ரிக்கார்டிங் நேரத்தில் கேமராவை அணைத்துவிடுவது அவர்கள் வழக்கம். யாரையும் யாரும் பார்க்க முடியாது.

பாட்டு தொடங்கியது. வசந்தகுமார் அசந்துபோனான். கல்யாணமான புதிதில் அவன் கேட்ட அதே குரல், கொஞ்சமும் வயசாகாமல் வந்தது. எல்லாம் புது மைக்கின் உபயம் என்று நினைத்துக்கொண்டான். எரிச்சல் இன்னும் ஏறியது.

மேல் வரிக்குக் குரல் எழும்பிய நேரம் பார்த்து, திரையில் இருந்த குமிழை மெல்லக் கீழே இழுத்தான். குரல் அமுங்கியது. வரி முடிந்ததும் யோக்கியன் மாதிரி பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தான்.

“மேல போறப்ப டல்லாயிடுதும்மா. இன்னொரு தடவ பாடும்மா” என்றார் ஜஸ்டின்.

மறுபடியும் பாட்டு. மறுபடியும் இழுத்தான்.

“வசந்த், மைக்குல ஏதாவது கோளாறா?”

“மைக்கு பக்காவா இருக்கு சார். தொண்டையிலதான் சரக்கில்ல.”



“அப்ப சரி, நான் வேற ஆளப் பாத்துக்கறேன். நீ கெளம்பும்மா” என்று ஜஸ்டின் இணைப்பைத் துண்டித்தார்.

வசந்தகுமாருக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது, கூசவும் செய்தது. ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு மனைவிக்குப் போன் போட்டான்.

“விடு சொர்ணம். சினிமா இல்லாட்டி என்ன? ஒனக்கு நான் இல்லையா?”

“எனக்கென்னங்க வந்துச்சு? சினிமான்னதும் ஒங்க மொகம் சுண்டுனப்பவே, எனக்கு இது வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். சார்கிட்டயும் காலையிலயே சொல்லிட்டேன். தேறுனப்பறம் ஒங்ககிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன். சரக்கில்லன்னு நீங்க சொன்னது ஹெட்போன்ல விழுந்துருச்சு. இனிமே ஜென்மத்துக்கும் பாட மாட்டேன்னு இங்கிட்டு மூலையில உக்காந்து அழுவுதுங்க.”

“அழுவுதா? யாரு?”

“பாடுனது கார்த்திகாங்க.”