மங்கோலியாக்காரியாக இருந்தவள்

திரையில் மங்கோலியாக்காரி இடது காதைத் தொட்டாள்.

இனிப் பாய்வாள்.

பாய்ந்தாள். இடது கால் முன்னே வர, குனிந்து, சுமித்ராவின் முழங்காலை நோக்கி.

சுமித்ரா அங்கே இல்லை. ஓரடி விலகி, பாய்ந்தவளின் முதுகில் விழுந்து, அப்படியே புரட்டிப் போட்டாள். நடுவரின் கை மல்யுத்த மெத்தையில் அறைந்தது.

ஆசியப் போட்டியின் பயிற்சிக் கூடத்தில், மூலையில் தொங்கிய டிவிக்குக் கீழே, சுமித்ராவின் பயிற்சித் துணையாக வந்திருந்த அவள் கைதட்ட மறந்து நின்றாள்.

முகாமில் அந்தப் பாய்ச்சலைத் தினமும் பாய்ந்தவள் அவள்தான்.

கடலூரிலிருந்து தேசிய முகாமுக்கு வந்தபோது அவளும் ஐம்பது கிலோ. சுமித்ராவும் ஐம்பது கிலோ. ஓர் எடைப் பிரிவில் நாட்டுக்கு ஒருத்திதான் போக முடியும். தேர்வுப் போட்டியில் இறங்கித் தோற்று ஊருக்குப் போகிறாயா, சுமித்ராவுக்குத் துணையாக முகாமிலேயே இருக்கிறாயா என்று பயிற்சியாளர் கேட்டார்.

இருந்தாள்.

சுமித்ராவால் வெல்லவே முடியாத மங்கோலியாக்காரியின் வீடியோக்களைக் கொடுத்தார்கள். நீ இவளாகிவிடு என்றார்கள்.

ஆனாள். வலது காலை முன்வைத்து நிற்கும் பழக்கத்தை விட்டாள். மூச்சு வாங்குவதைக்கூட மாற்றிக்கொண்டாள். காதை மட்டும் எதற்குத் தொடுகிறாள் என்று கடைசிவரை பிடிபடவில்லை. தெரியாமலே தொட்டாள். சுமித்ரா அவளைப் புரட்டக் கற்றுக்கொண்டாள்.

கதவு திறந்தது.

சுமித்ரா ஓடி வந்து அவளை இடுப்போடு தூக்கிச் சுற்றி இறக்கினாள். அணியின் மசாஜ்காரி, தூத்துக்குடி ஜெபா அக்கா, வென்றவளைப் பெஞ்சில் உட்காரவைத்து முழங்காலில் ஐஸ் பையை அழுத்தினாள்.

கொஞ்சம் பொறுத்து மங்கோலியாக்காரி வந்தாள். தனியாக.

வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளம். மூக்கில் பஞ்சு. அழுத கண்கள். முழங்கையில் பழைய தழும்பு ஒன்று, அது எந்த வீடியோவிலும் இல்லை.

கடலூர்க்காரி அவளை விழுங்குவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே, தன்னையறியாமல், இடது காலை முன்வைத்துத் தோளைச் சரித்து நின்றாள்.

மங்கோலியாக்காரி அவளைக் கடந்துபோய், நின்று, திரும்பினாள்.

காலைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த சுமித்ராவைப் பார்த்தாள். மறுபடி காலை.

"ஏ பிள்ள, இங்கிட்டு வந்துரு. அவ மொகமே சரியில்ல பாத்துக்க," என்றாள் ஜெபா அக்கா.

அவள் போகவில்லை.

மங்கோலியாக்காரி காலியாகக் கிடந்த மெத்தையைக் காட்டினாள். வா.

கழுத்தில் கை விழுந்தது. அந்தக் கையின் கனம் எந்தத் திரையிலும் தெரிந்திருக்காது. இடது கால் தானாக முன்னே போனது. எதிரேயும் இடது கால். ஒரே சரிவில் இரண்டு தோள்கள்.

மங்கோலியாக்காரி குனிந்து பார்த்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள். பஞ்சு கீழே விழுந்தது.

தலையை ஆட்டினாள். தன் நெஞ்சைத் தட்டிக்காட்டினாள். இது நான்.

பிறகு விரலை அவள் பக்கம் நீட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

நீ?

அவள் காலைப் பின்னுக்கு இழுத்தாள். வலதை முன்வைத்தாள். யாரோ கழற்றிப் போட்ட செருப்பில் கால் நுழைத்ததுபோல இருந்தது.

விழுந்தாள்.

எழுந்தாள். மறுபடி விழுந்தாள். சுமித்ரா ஐஸ் பையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை அவள் எதையும் யோசிக்கவில்லை. கை தன்பாட்டுக்குத் தாழ்ந்து போய்க் கணுக்காலைக் கவ்வியது. தலை முட்டித் தள்ளியது. மங்கோலியாக்காரி தொப்பென்று உட்கார்ந்தாள்.

இருவருமே திகைத்துப் போனார்கள்.

இது எங்கே இருந்தது இத்தனை நாள்? கடலூர் விளையாட்டு விடுதியில் பிடித்த பிடி. யாரும் கற்றுத் தந்ததில்லை.

தரையில் இருந்தவள் தன் மொழியில் ஏதோ சொல்லிக் கையை நீட்டினாள். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள். அப்போது அந்தக் காது வெகு பக்கத்தில் இருந்தது. எதற்குத் தொடுகிறாய் என்று கேட்டுவிடலாம். சைகையில் கேட்டால் போதும்.

வாய்வரை வந்ததை விழுங்கினாள். கேட்டால் அவள் தொடுவதையே விட்டுவிடுவாள்.

அடுத்த முறை இவளோடு மோதப்போவது யாரென்று யார் கண்டது?

பயிற்சியாளர் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார். சாயங்காலம் சுமித்ராவுக்கு அரையிறுதி. எதிராளி ஜப்பான்காரி, உயரமானவள். அதற்குள் இவளாகிவிட வேண்டும்.

அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

தனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில் சொன்னாள். இன்றைக்குச் செய்கிறேன். அடுத்த தேர்வில் நானும் இறங்குகிறேன், சார்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. பெஞ்சைப் பார்த்தார்.

ஜெபா அக்காவின் கை முழங்காலில் அப்படியே நின்றது.

சுமித்ரா முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. தினமும் கட்டிப் புரண்ட ஒருத்தியை இப்போதுதான் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"உன்னோட ஆட்டம் எப்படி இருக்கும்?" என்று இந்தியில் கேட்டாள்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"தெரியல தீதி. பாக்கணும்."

சுமித்ரா ஐஸ் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மெத்தையில் அவளுக்கு எதிரே வந்து நின்றாள்.