கோணல் அடை

தேன்பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அதோடு ஒட்டிக்கொண்டு ஓர் அடையும் மேலே வந்தது.

ஈக்கள் கொதித்தன.

"பொம்பள கைன்னு தெரிஞ்சுபோச்சு அதுங்களுக்கு," என்றான் கொழுந்தன் முக்பில். கன்னத்தில் அதக்கிய காத் போதை இலை. கையில் ஈக்களை அடக்கும் புகையூட்டி. "நல்லா வாங்கப்போறீங்க மதினி."

"நீ புகைய விடு. வாயிலேர்ந்து இல்ல, அதுலேர்ந்து," என்றாள் நுஜூத்.

அவள் கணவன் ராஜிஹ் வேலை தேடி சவூதி எல்லையைத் தாண்டப் போனபிறகு, பள்ளத்தாக்கில் இலந்தை ஒருமுறை பூத்து ஓய்ந்துவிட்டது. ஒரு போன் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை.

கடைசியாக அவனைப் பார்த்தவன் முக்பில்தான். இலந்தை மரங்களைப் பங்கு பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் தகராறு உண்டு. ஆனாலும் போகிற அன்று அண்ணன் தன்னைக் கட்டிப்பிடித்து அழுததாகச் சொல்வான். இந்தக் கடைசிப் பெட்டியையும் பார்த்து, தன் கையால் மூடிவிட்டுத்தான் அண்ணன் ஜீப்பில் ஏறினார் என்பான்.

கொட்டுகிற கூட்டம் என்று சொல்லி, இந்தப் பெட்டியை மட்டும் இதுவரை அவளைத் திறக்க விட்டதில்லை.

இன்று கடலோரத்துப் பூவுக்குப் பெட்டிகளை ஏற்றிப்போக லாரி வருகிறது. உள்ளே கண்டபடி தொங்கும் அடை வழியில் அறுந்து விழுந்தால் ராணி நசுங்கிவிடும். திறந்தே ஆகவேண்டும்.

மூடியைத் திருப்பினாள்.

உள்ளே, அடை கட்டத் தொங்கவிடும் சட்டங்களில் ஒன்று குறைந்தது. அந்த இடைவெளியில் ஈக்கள் மூடியிலிருந்தே இஷ்டத்துக்கு அடை கட்டியிருந்தன. முழுக்க ஆண் ஈ அறைகள். ராணி நல்ல சட்டங்களை விட்டுவிட்டு இதில் முட்டையிட்டுத் தீர்த்திருந்தது.

ராஜிஹ் ஒரு கையால் பழைய சட்டத்தை எடுத்தால் மறு கையில் புதுச் சட்டம் தயாராக இருக்கும். ரொட்டி ஆறினாலும் சரி, இடைவெளி விட்டு அவன் பெட்டியை மூடியதே இல்லை.

அப்படியானால் மூடியது யார்?

அடையை அறுக்கக் கத்தியை வைத்தவள் நின்றாள்.

அடை கோணலாக இருந்தது. காற்றடித்துச் சாய்ந்தது போல, ஒரே பக்கமாக.

"எஜமான் இல்லாம அதுங்களுக்கும் புத்தி கோணிப்போச்சு பாருங்க," என்று முக்பில் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. ஈக்கள் கோணலாகக் கட்டாது. கல் கட்டித் தொங்கவிட்ட கயிறு போல, நேர் கீழாகத்தான் கட்டும்.

கோணல் அடையில் இல்லை, பெட்டியில்.

சட்டங்களின் மேல் சிந்திய தேன் முழுக்க இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. குனிந்தாள். பெட்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கியின் இடப்பக்கக் கால்கள் கணுக்கால் ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கியிருந்தன.

வரிசையில் வேறெந்தப் பெட்டியும் ஒரு விரல்கூட இறங்கவில்லை. பாறை மாதிரித் தரை. இந்தக் கால்களை ஊன்றக் கடப்பாறையால் குத்திக் குத்தி ராஜிஹின் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அவள்தான் எண்ணெய் தடவிவிட்டாள்.

இங்கே மண் உள்வாங்க வேண்டுமென்றால், அதற்குப் பிறகு யாராவது அதை ஆழமாகத் தோண்டியிருக்க வேண்டும்.

கோணல் அடையை அறுத்துத் தட்டில் போட்டாள். புதுச் சட்டம் ஒன்றை இடைவெளியில் இறக்கி, மூடியை வைத்தாள்.

"பொழுது சாஞ்சதும் லாரி வந்துரும். மொதல்ல இந்தப் பெட்டியத்தான் ஏத்தணும்."

புகை நின்றது.

"இது மட்டும் இங்கயே இருக்கட்டும் மதினி," என்றான் முக்பில், மெதுவாக. "அண்ணன் திரும்பி வந்தா, அவர் கண்ணுல பட ஒரு பெட்டியாவது வேணும்ல?"

நுஜூத் சரியென்று தலையாட்டினாள்.

கத்தியை மட்டும் கீழே வைக்கவில்லை.