நசுங்கின மைக்

“நேத்துப் பாட வந்த அந்தச் சின்னப் பொண்ணுக்குப் பளபளன்னு புது மைக். எனக்கு மட்டும் இந்த ஓட்டை உடைசலா?”

பாடகி தன் மைக்கைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். தலைப்பக்கம் நசுங்கி, உடம்பெல்லாம் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

பாட்டுக் குழுவுக்கு ஒலி அமைப்பு பார்ப்பவர் அவர்தான். வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“பழசுன்னாலும் நல்ல மைக். உனக்கு இது போதும்.”

“போதும்னா? இனிமே என் பாட்டுக்கு இதுவே ஜாஸ்தின்னு அர்த்தமா?”

அவர் அடுத்த வயரை எடுத்துச் சுருட்டினார்.

டிரம்ஸ்காரர் சும்மா இருப்பாரா?

“அண்ணி, அது மைக்கே இல்ல. லாரி ஏறின கோன் ஐஸ்!”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சின்னப் பொண்ணும்தான். பாடகிக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வருடம் அவள் காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகுதான் இந்த மைக் வந்தது; அவரும் மாறிப்போனார். அதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், அவர் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். கைதட்டலை விட அதுதான் அவளுக்கு வேண்டும்.

இப்போது அவர் நிமிர்வதே இல்லை. பாட்டு தொடங்கினதிலிருந்து முடிகிற வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் ஏதோ ஒரு குமிழைத் திருகிக்கொண்டே இருக்கிறார்.

ஒரே ஒரு தடவை நல்ல மைக்கில் பாடிவிட்டால் போதும், அந்த விரல் மறுபடி எழும் என்று தோன்றியது.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் மைக் கடைக்குப் போனாள்.

“தம்பி, மேடையில பாடறதுக்கு. இருக்கறதிலேயே நல்லதா காட்டுங்க.”

கடைக்காரர் சிலவற்றை எடுத்து மேசையில் பரப்பினார்.

“மைக்கும் செருப்பு மாதிரிதான்க்கா. ஒருத்தர் அளவு இன்னொருத்தரைக் கடிக்கும். பாடிப் பாத்து எடுங்க.”

பளபளவென்று ஒன்றை எடுத்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வரி பாடினாள்.

நடுவில் யாருக்கோ மூச்சு இரைத்தது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி பாடினாள். மறுபடி அதே இரைப்பு. வரியின் கடைசி நடுங்கி, வெறும் காற்றாகப் போனது.

“தம்பி, இதுல ஏதோ கோளாறு.”

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“கோளாறு இல்லக்கா. கொஞ்சம் நுணுக்கமான மைக். மூச்சைக்கூட விட்டு வைக்காது.”

அடுத்ததிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

“அப்ப என் மைக்ல மட்டும் ஏன் கேக்கல?” பையிலிருந்து தன்னுடையதை எடுத்து வைத்தாள்.

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேப்பின் ஓரத்தை நகத்தால் பிரித்தார். உள்ளே ஒரு கீறல் இல்லாமல் மின்னியது.

“இது நம்ம கடையில வாங்கினதாச்சே! அந்த அண்ணன் உங்க வீட்டுக்காரரா? அட, அவரை மறக்க முடியுமா?”

“ஏன், என்ன பண்ணினார்?”

“அவருக்குப் பாட்டே வராதுக்கா. ஆனா வாசப்படியில ஏறி இறங்கி ஓடுவார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து ஒரு மைக்ல பாடுவார். திரும்ப ஓடுவார். வந்து அடுத்த மைக். கடையே விழுந்து விழுந்து சிரிச்சுது. ‘எதுல மூச்சு வாங்கறது கேக்கலையோ, அதைக் குடு’ன்னார். கடைசியில இதுதான் அமைஞ்சுது.”

அவள் மைக்கை வாங்கி அதன் நசுங்கின தலையைத் தடவினாள்.

“அவ்வளவு பாடுபட்டு எடுத்த புது மைக்கு. இதை யாருக்கா இப்படிச் சுத்தியலால தட்டினது?”

அவள் மைக்கைத் திருப்பி அவரிடம் நீட்டினாள்.

“அந்த டேப்பை ஒட்டிக் குடுங்க, தம்பி. பிரிச்சது தெரியக்கூடாது.”

மாலையில் மேடைக்கு வந்தாள். கணவர் வழக்கம் போல மிக்ஸரில் குனிந்திருந்தார். அவர் கட்டை விரல் குமிழின் மேல் தயாராக இருந்தது.

கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். டேப்பின் ஓரத்தை இன்னொரு முறை அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

பிறகு, குழுவில் எல்லோருக்கும் கேட்கும்படி, நேற்றை விட உரக்கக் கத்தினாள்.

“உலகத்துல எந்தப் புருஷனாவது சொந்தப் பெண்டாட்டி தலையில இப்படி ஒரு பழைய மைக்கைக் கட்டுவானா?”