ஏழில் பாதி

சகலரும் அறிக: ஒரு யுகம் முடிந்துவிட்டது.

மூன்றாவது மாடி மீட்டிங் ஹாலில், சமோசா தட்டுகளுக்கு நடுவே, துணைத் தலைவர் ஞானசேகரன் அதை அறிவித்தார். இனி இந்தக் கம்பெனியில் நிரல்மொழியின் பழைய பதிப்புக்கு இடமில்லை. புதியது மட்டும்.

திரையில் ஒரு ராக்கெட் பறந்தது.

"லெகசி மேடம், பழசுக்காக எழுதி வச்ச ஓட்டை உடைசல் எல்லாத்தையும் தூக்கிடுங்க. வீட்ல பரண் இருந்தா அங்க போட்டுக்குங்க."

சிரித்தார்கள். அவளிடம் நிரல் எழுதக் கற்றவர்களும் சிரித்தார்கள்.

லெகசி என்றால், அந்தத் தொழிலில், இன்னும் தூக்கி எறிய முடியாத பழசு. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான்.

"சரி சார். எல்லாத்தையும் எடுத்துடறேன்" என்றாள்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அவர்களுடைய வாடிக்கையாளரான பால் கம்பெனியின் கொள்முதல் நிலையங்களில் இருக்கும் கணினிகள் அத்தனையும் பழைய பதிப்பில்தான் ஓடுகின்றன. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது துணைத் தலைவர்களின் வேலை அல்ல.

பழைய பதிப்புக்கு ஒரு குணம் உண்டு. ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் மூன்று என்று சொல்லும். அரையை விழுங்கிவிடும்.

புதியது விழுங்காது.

அதனால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். பழையதே, நீயும் புதியதைப் போல வகு.

அந்த வரி இருக்கும்வரை இரண்டிலும் ஒரே விடை. யாரும் அதைக் கவனித்ததில்லை. ஒழுங்காக ஓடுகிற ஒன்றை யார் கவனிப்பார்கள்?

அழித்தாள்.

ஒவ்வொன்றாக. நகம் வெட்டுகிற நிதானத்தோடு.

பால் அளவின் சராசரிக் கணக்கைப் புதிதாக எழுதவும் ஞானசேகரன் சொல்லியிருந்தார். அதையும் எழுதினாள்.

ஞானசேகரன் படிக்காமலே கட்டைவிரல் படம் அனுப்பி ஒப்புதல் கொடுத்தார். தன் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தார். அதில் இருப்பது புதியது. பிரமாதமாக ஓடியது.

பால் கம்பெனி முதலாளி முன்னிலையில் நேரடி விளக்கம். முதலாளிக்கு மீசையும் பெரிது, கோபமும் பெரிது என்று கேள்வி.

எப்போதும் கடைசி வரிசையில் உட்காருகிறவள் அன்று முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

திரையில் பெருந்துறைப் பக்கத்துக் கொள்முதல் நிலையம் தெரிந்தது. கணினி முன்னால் மயிலாத்தாள் என்கிற பெண்.

"காலையில மூணு லிட்டருங்க, சாயங்காலம் நாலுங்க. சராசரி போட்டுப் பாக்கட்டுங்களா?"

"போடுங்கம்மா" என்றார் ஞானசேகரன். "சரித்திரத்தையே போடுங்க."

முதல் வரிசையில் இருந்தவள் திரையைப் பார்க்கவில்லை. முதலாளியின் மீசையைப் பார்த்தாள். அதற்கடியிலிருந்து வரப்போகும் கேள்வியைப் பலமுறை மனதுக்குள் ஓட்டி ருசித்திருந்தாள்.

அரை லிட்டர் எங்கய்யா போச்சு?

"மூணரைங்க" என்றாள் மயிலாத்தாள். "சரியாத்தானுங்க இருக்குது."

மீசை சிரித்தது.

கைதட்டல்.

முதல் வரிசையில் அவள் தன் மடியிலிருந்த கணினியைத் திறந்தாள். தான் எழுதிய சராசரிக் கணக்கைத் தேடிப் பிடித்தாள்.

வகுக்கும் இடத்தில் 2 இல்லை.

2.0 இருந்தது.

புள்ளியும் பூஜ்யமும் சேர்த்து எழுதிவிட்டால் பழையதும் அரையை விழுங்காது. தலையில் எந்த வரியும் தேவையில்லை. இத்தனை வருடமாக அவள் அப்படித்தான் எழுதுகிறாள். வரிக்கு வரி, பயத்துக்கு ஒரு புள்ளி.

பழிவாங்கப் போகிறோம் என்பதை விரல்களிடம் சொல்ல மறந்திருந்தாள்.

மேடையில் ஞானசேகரன் கைகூப்பி நின்றார். முதலாளி ஒரு பொன்னாடை கொண்டுவந்திருந்தார். போர்த்துவதற்கு, மூத்தவர் என்ற முறையில், லெகசி மேடத்தை அழைத்தார்கள்.

போர்த்தினாள்.