அழித்த முகவரி

கம்பெனிக்குக் கொழுந்தன் புதுப் பெயர் வைத்துவிட்டான். எல்லோருடைய மெயில் முகவரியும் அந்தப் பெயரில் முடியும்படி மெயில் சர்வரில் புது டொமைனை ஏற்ற வேண்டும். குடும்பத்தில் அந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பழைய முகவரிப் பட்டியலை அப்படியே புது டொமைனுக்கு மாற்றினாள். கொழுந்தன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

“அண்ணன் பேர் இன்னும் எதுக்கு அண்ணி? குப்பை மெயில்தான் வந்து சேரும். தூக்கிடுங்க.”

புருஷன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கம்பெனியே அவர் கட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியை அழித்தாள். பட்டியலைத் திருத்தினால் சர்வரை அதை மறுபடி படிக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையதே ஓடும். மறக்காமல் இரண்டு முறை படிக்கவைத்தாள். பிறகு தன் ஃபோனிலிருந்து புருஷன், கொழுந்தன் இருவர் முகவரிக்கும் சோதனை மெயில் அனுப்பினாள்.

ஒன்று உடனே திரும்பி வந்தது. ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை.’

“அப்பாடா, ஒழிஞ்சுது,” என்றான் கொழுந்தன்.

திரும்பியது அவனுக்கு அனுப்பிய மெயில். பட்டியலில் அவன் வரி எழுத்துப் பிசகாமல் இருந்தது. அழித்த முகவரிக்குப் போனதோ சேர்ந்துவிட்டதாக சர்வர் காட்டியது. மறுபடி அனுப்பினாள். அப்படியேதான் நடந்தது. மூன்றாம் முறை, புருஷனுக்குப் போன மெயிலுக்குப் பக்கத்தில் ‘படித்தாயிற்று’ என்று விழுந்தது.

“என்ன அண்ணி, திரும்பத் திரும்ப அனுப்புறீங்க? ஏதாவது தப்பா?”

“ஒண்ணும் இல்ல தம்பி. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

பட்டியலை அப்படியே சேமித்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.