திருஷ்டிக்கு ஒரு குறை

பக்கவாதத்தில் பேச்சிழந்த வேலம்மாளைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டு நர்ஸ் ஜெபக்கனி கிளம்பியதும், சுவரிலிருந்த சுகாதாரத்துறைக் கருவி வழக்கம்போல் கேட்டது: "இன்றைய சேவை எப்படி இருந்தது?"

"பிள்ளை தங்கம்," என்றார் கணவர் சங்கரபாண்டியன். சொன்னதும் பயம் வந்துவிட்டது. இப்படி வாய்நிறையப் புகழ்ந்தால் கண்பட்டுவிடாதா? குழந்தையின் கன்னத்தில் மை வைப்பதுபோல் ஒரு சின்னக் குறையையும் சேர்த்தார். "என்ன, பேச்சுதான் கொஞ்சம் கூட."

"குறை சரிசெய்யப்படும்."

மறுநாள் ஜெபக்கனி வாயைத் திறந்தாலே அவள் மணிக்கட்டில் துறை மாட்டியிருந்த பட்டை சிவந்து அதிர்ந்தது. பஸ்ஸில் நடந்த சண்டை, மாமியார் வைத்த உப்பில்லாத குழம்பு, வழக்கமாகச் சொல்லும் கதை எதுவும் வரவில்லை. வேலம்மாள் அவள் உதட்டையே பார்த்துக் காத்திருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நேத்து சொன்னது குறையே இல்லய்யா, அதை அழிச்சிரு," என்று சங்கரபாண்டியன் கருவியிடம் கெஞ்சினார்.

"பதிந்ததை அழிக்க இயலாது. புதிய குறை உண்டா?"

"உண்டு. வந்த பிள்ளை என் வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேங்கு. ஒரு வாய் காப்பி குடிக்கமாட்டேங்கு."

அடுத்த நாள் பட்டை பச்சையாக இருந்தது. ஜெபக்கனி காப்பி டம்ளரோடு கட்டிலில் உட்கார்ந்தாள். "அம்மா, எங்க அத்தை வச்ச குழம்பக் கேளுங்க..." வேலம்மாளின் கோணிய உதடு மெல்லச் சிரித்தது.

அவள் போனபின் கருவி கேட்டது: "சேவை எப்படி? குறை உண்டா?"

"பிள்ளை தங்கம்," என்ற சங்கரபாண்டியன் இம்முறை நன்றாக யோசித்தார்.

"காப்பியில சீனி கம்மி. போட்டது நான்."