கங்கையம்மாள் போன இடம்

ஞாயிறுதோறும் வரதராஜர் கோயிலுக்கென்று கிளம்பும் கங்கையம்மாள், துளசிகூட இல்லாமல் திரும்பினாள்.

“பிரசாதம் எங்கடி?”

“செம கூட்டம்யா.”

வீராசாமி நம்பவில்லை. அடுத்த ஞாயிறு மனைவியைப் பின்தொடர்ந்தார். அவள் கோயிலைத் தாண்டிப்போய், ஒரு மாடியேறி ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். அவருக்கு ரத்தம் கொதித்தது. கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டார்.

“புராஸ்டேட் கேன்சர் வந்தவங்க வெக்கப்படாம பேசத்தான் இந்தக் கூட்டம். உங்க வூட்டுக்காரரை இன்னிக்கும் அழைச்சுக்கினு வரலையாம்மா?” என்றார் ஒருவர்.

“எனக்குத் தெரியாதுன்னு மாத்திரைய ஒளிச்சு வச்சுத் திங்கிறாருண்ணா. மருந்துக்கடையில காட்டி விசாரிச்சுட்டேன்.”

“எப்படிம்மா சந்தேகம் வந்துச்சு?”

“எங்க தறியில ரெண்டு பேரும் சேந்துதான் நெய்யணும். அவரு அடிக்கடி ஒண்ணுக்கு எழுந்தா, என் கையும் நிக்குதே!”

வீராசாமி உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றார்.

“தள்ளி உக்காருடி.”